பூசணிப்பூவில் ஓர் ஓட்டை

எங்கள் ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் அழகானவர்கள் என்று வருங்காலம் நம்புமானால், அந்தப் பாவம் முழுவதும் ஸ்டூடியோக்காரர் மனைவியையே சேரும். கணவர் படம் எடுப்பார். அம்மையார் பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி நெகடிவின் மேல் ஊசிமுனைப் பென்சிலால் பருக்களை அழிப்பார், தழும்புகளைத் தூர்ப்பார், இரட்டை மோவாயை ஒற்றையாக்குவார். இருபது வருடத்தில் அந்தப் பென்சிலுக்குத் தப்பிய மரு ஒன்றுகூடக் கிடையாது.

ஆள் வராத மத்தியானங்களில் அவர் பூக்களைப் படம் பிடித்தார். ஜாடி, மேஜைவிரிப்பு எதுவும் கிடையாது. கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரே ஒரு பூ. கேமராவை அதன் மூக்கில் இடிக்கிற மாதிரி நெருக்கி வைப்பார். ஓர் இதழும் அதன் நரம்புகளுமே படம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

"பூ எங்கே?" என்பார் கணவர்.

"அதான் பூ."

"இதுவா? கசாப்புக் கடையில தொங்குற மாதிரி இருக்கு."

கணவருக்குக் கலை தெரியும். படப்பிடிப்பாளர் சங்கத்தின் துணைச் செயலாளர் ஆயிற்றே.

அந்த வருடம் சங்கக் கண்காட்சியில் பெண்களுக்கும் பெரிய மனது பண்ணி ஒரு மூலை ஒதுக்கினார்கள். அம்மையார் ஒரு பூசணிப்பூவைத் தேர்ந்தெடுத்தார். இதழின் நடுவே பூச்சி தின்ற ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. படமே அந்த ஓட்டையைச் சுற்றித்தான் நின்றது. கணவர் பார்த்தார். பாவம், இவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று முடிவு செய்து, பென்சிலை எடுத்து நெகடிவில் அந்த ஓட்டையை அடைத்தார். கூடவே, இலவசமாக, இரண்டு நரம்பும் வரைந்தார்.

"உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

 அம்மையார் பென்சிலைத் தொடவில்லை. அந்த வாரம் ஸ்டூடியோவிலிருந்து போன படங்களில் மணப்பெண் தன் எல்லாப் பருக்களோடும், பல் டாக்டர் தன் மூக்குமேல் மருவோடும் உள்ளது உள்ளபடி போனார்கள்.

சனிக்கிழமை காலை மணப்பெண்ணின் அப்பா வந்தார்.

"என்னய்யா இது? என் பொண்ணு மூஞ்சியா, முந்திரி பதிச்ச கேக்கா?"

"இருக்கிறபடிதான் எடுத்தேன் சார்..."

"இருக்கிறபடி காட்ட வீட்டுல கண்ணாடி இருக்கே! உன்கிட்ட எதுக்கு வரணும்?"

அவருக்குப் பின்னால் பல் டாக்டர், மூக்கைக் கையால் மூடியபடி. கணவர் பின்னறைக்கு ஓடினார்.

"மானம் போகுதுடி! அந்த மருவ மட்டுமாவது எடுத்துடு."

"முதல்ல நீங்க அடைச்ச ஓட்டையத் திறங்க."

"பூச்சி தின்ன பூவுக்காகப் புருஷன நடுத்தெருவுல நிறுத்துவியா?"

"நிறுத்தியாச்சே. போங்க, ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

துணைச் செயலாளர் பஞ்சை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தார். அம்மையார் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"அந்த நரம்பும் உங்களோடதுதான். அதையும்."

படம் கண்காட்சிக்குப் போனது. பத்தே நாளில் ஒரு சீட்டோடு திரும்பியும் வந்தது: 'பூ பழுதுபட்டுள்ளது. அடுத்த முறை நல்ல பூவாகப் பார்த்து எடுக்கவும்.' கணவர் அதை மூன்று முறை உரக்க வாசித்தார். முகத்தில் அப்படியொரு பொலிவு.

"தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

அம்மையார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாரும் கை வைத்திருக்கவில்லை.

"ஓட்டை இருக்கு," என்றார்.

பிறகு வாசல் அறைக்குப் போய், கணவரின் சங்கச் சான்றிதழை இறக்கி நாற்காலியில் சாத்திவிட்டு, அந்த ஆணியில் பூவை மாட்டினார்.