நிற்பது என் வேலை

கூடைப்பந்து ஆடித்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால், எத்தனை கூடை போடுவாய் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் அதிகம் போட்டதில்லை. என் முதல் சீசன் முடிந்தபோது, நான் போட்ட கூடைகளைப் நாங்கள் காக்கூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராட்டி அத்தை விரல் விட்டு எண்ணி, மடங்காமல் மிச்சமிருந்த விரல்களையும் ஆட்டிக் காட்டினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போடுவது என் வேலை இல்லை, நிற்பதுதான் என் வேலை என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். நிற்பதற்குக்கூடவா சம்பளம் என்று அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

எங்கள் ஆட்டத்தில் அதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். குறி பார்த்து எறிகிற பெண் ஒருத்தி எங்கள் அணியில் ஓடி வருவாள். எதிரணிக்காரி ஒருத்தி அவளை ஒட்டியே துரத்திக்கொண்டு வருவாள். துரத்துகிறவளின் வழியில் நான் முன்னதாகவே போய்க் காலை ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் வந்த வேகத்தில் என் மேல் மோதுவாள். அந்த ஒரு நொடியில் எங்கள் பெண் விடுபட்டுப் பந்தை எறிந்துவிடுவாள். நான் அசைந்தால் தவறு, விசில் ஊதிவிடுவார்கள். மற்ற எல்லோரையும் ஓடு ஓடு என்று விரட்டுகிற கோச், என்னைப் பார்த்து மட்டும் மராட்டியில் "ஹலூ நகோஸ்" என்று கத்துவார். அசையாதே என்று அர்த்தம்.

பள்ளியில் படிக்கும்போதே நான் ஆறடியைத் தொட்டுவிட்டேன். அந்த உயரம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, புனேவுக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அம்மா என் தோளுக்கும் கீழே. இன்றைக்கும் அண்ணாந்து பார்த்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

பயிற்சி புனேவில், சிவாஜிநகர் பக்கம். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவும் நானும் லோனாவாலாவிலிருந்து வரும் லோக்கலைப் பிடிப்போம். போகும்போது பிரச்சினை இல்லை, சிவாஜிநகரில் இறங்கும்போதுதான். அதே வண்டிதான் திரும்பிப் போகும் என்பதால், இடம் பிடிக்க வருகிற பெண்கள் வண்டி நிற்பதற்குள் பெண்கள் பெட்டியின் கதவை அடைத்துக்கொள்வார்கள். இறங்குகிறவர்களுக்கு வழி விடுவது என்ற பேச்சே கிடையாது. அம்மா எனக்கு முன்னால் இறங்குவாள். இறங்கியவள் நகர மாட்டாள். கதவை ஒட்டிப் பிளாட்பாரத்தில் காலை அகட்டி ஊன்றி, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்து, வருகிற கூட்டத்துக்குத் தோளைக் கொடுத்து நிற்பாள். எல்லோரும் அவள் மேல் இடிப்பார்கள். சிலர் திட்டவும் திட்டுவார்கள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற சின்ன இடத்தில் நான் பந்துப் பையோடு குதித்து இறங்குவேன். பிறகு இருவரும் ஒன்றும் நடக்காதது போல நடப்போம். அவள் புடவையின் தோள்பட்டை மட்டும் கசங்கியிருக்கும்.

கல்லூரி முடித்த வருஷம் ஒரு தொழில்முறைக் குழு என்னை ஒரு சீசனுக்கு எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இறக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்பேன், மோதல் வாங்குவேன், திரும்பி வந்து உட்காருவேன். புள்ளிப் பட்டியலில் ஸ்க்ரீனுக்கு இடமே இல்லை. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ என் மேல் மோதி நிற்பதும், எனக்குப் பின்னால் பந்து வலையில் விழுகிற சத்தம் கேட்பதும் பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அந்த வயதில் கிடையாது.

அம்மா அதுவரை நான் சம்பளத்துக்கு ஆடிப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என் ஆட்டத்தின் வீடியோ ஒன்றைக் கைபேசியில் அவளுக்குப் போட்டுக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார். ஒருத்தி ஓடி வந்து மோத, நான் மல்லாந்து விழுகிற இடத்தை அம்மா மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு பாப்பா அங்க போயி நிக்கிற? அவ ஓடியாறது தெரியுது இல்ல, நகந்துக்க வேண்டியதுதான?"

"நகரக் கூடாதும்மா. அது ஸ்க்ரீன். அதான் என் டியூட்டி."

"அடி வாங்கறது ஒரு டியூட்டியா? பந்து ஒரு தபா உன் கைக்கு வந்துதா? உயரமா கீறன்னு உன்ன கம்பம் மாதிரி நட்டு வெச்சிக்கினு, அவளுங்க கைதட்டு வாங்கிக்கினு போறாளுங்க. விட்டுடு."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. என் காறை எலும்புக்குக் கீழே கன்றிப்போன நீலத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலையும் வந்திருந்தது. "ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து எழுதற வேல," என்றாள். அதற்கு மேல் சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அது சண்டையைவிட மோசம்.

அடுத்த சீசனுக்கும் என்னை வைத்துக்கொள்ளக் குழு தயாராக இருந்தது. புனேவில் நடக்கும் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடு என்றார் மேனேஜர். எனக்கு ஆடத்தான் ஆசை. ஆனால் அம்மா மனசு நோகிற இடத்தில் போய் நிற்க என்னால் முடியாது. அவளுக்குப் பயந்து அல்ல. அவள் கூட வந்து வந்து உண்டான ஆட்டம் இது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு அதில் எனக்கு என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லிவிடுவதாகவே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அம்மா தானாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கடைசி ஆட்டம்னு சொல்ற. வந்து பாத்துட்டுப் போறேன்." அந்தக் கடைசிக்கு அவள் என்ன அர்த்தம் வைத்திருந்தாள் என்று எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு ஷிஃப்ட். நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம், புளிசாதப் பையோடு.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்று முடியும் வரை நான் பெஞ்சில்தான். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். வரிசையின் ஓரத்தில், மடியில் பையோடு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கையில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச் என்னைக் கூப்பிட்டார். எங்கள் அணியில் எறிகிறவள் இடது பக்கமிருந்து ஓடி வந்தாள். நான் போய் நின்றேன். துரத்தி வந்தவள் நல்ல பலசாலி. அவள் தோள் என் நெஞ்சில் இறங்கியது. விழும்போதே வலையின் சத்தம் காதில் விழுந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

தரையில் கிடந்தபடி அம்மாவைத் தேடினேன். எல்லோரையும் போல அவளும் எழுந்திருந்தாள், கைதட்டவில்லை. பையை மார்போடு அணைத்து, ஒரு தோளை முன்னால் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் மேல் விழுந்த மோதலை அவளும் அங்கிருந்து வாங்கியிருந்தாள். எத்தனையோ மாலைகளில் ரயில் கதவருகே அவள் எனக்காக நின்ற அதே நிலை. கோச் என்னை எதற்கு எடுத்தார், முதல் நாளே எனக்கு எப்படி நிற்கத் தெரிந்தது என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து ஃபிசியோ ஓடி வந்தாள்.

ஜெயித்துவிட்டோம். சாயங்கால லோக்கலில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிம்ப்ரி ஸ்டேஷன் தாண்டிய பிறகு கேட்டாள்.

"நீ நின்னதாலதான அந்தப் பொண்ணு போட்டா?"

"ஆமாம்மா."

"உன்ன திரும்பிக்கூட பாக்கல அவ."

"நீ கதவாண்ட நிக்கறப்ப நானும் பாத்தது இல்லியே."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். "நீ எங்க பாக்கறது? கீழ பாத்து எறங்கணும் இல்ல," என்றாள். பிறகு, "எறங்கிட்டியான்னு நான்தான் பாப்பேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தளேகாவில் வண்டி நின்றபோது லோனாவாலா பக்கம் போகிற கூட்டம் கூடைகளும் மூட்டைகளுமாகக் கதவை நெருக்கியது. அம்மா வழக்கம்போல முன்னால் நகர்ந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, முதலில் இறங்கினேன். கதவை ஒட்டிக் காலை ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே வைத்து நின்றேன். ஒரு மூட்டை என் இடுப்பில் இடித்தது. ஒருத்தி மராட்டியில் திட்டினாள். அம்மா எனக்கும் வண்டிக்கும் நடுவில், கீழே பார்த்தபடி, பையோடு நிதானமாக இறங்கினாள்.

நான் நகரவில்லை. இறங்கினவள் இரண்டடி தள்ளி நின்று என் கால்களைக் கவனித்தாள்.

"இங்க நல்லா அகட்டித்தான் நிக்கிற. அங்க சேத்து வெச்சிருந்த, அதான் வுழுந்த."

"சரிம்மா."

"அடுத்த வருஷம் இப்படியே நில்லு," என்று சொல்லிவிட்டு, கசங்காத புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாமல், பிளாட்பாரத்திலிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தேன்.