வெற்றிலைக்குள் சிறுகுறிஞ்சான்

என் வீட்டுக்காரருக்கு நீரிழிவு என்று முதலில் சொன்னவை எறும்புகள்தான். அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் மொய்த்துக் கிடந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அதற்கான ஊசி மருந்தெல்லாம் பட்டணத்தோடு சரி. அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. மனிதருக்கோ கவலையே கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் வெல்லப் பானையைத் தேடுவார். ஒளித்து வைத்தால் கரும்பாலைக்கே போய்விடுவார்.

சேலத்தில் கம்பவுண்டராக இருந்த என் அண்ணன்தான் வழி சொன்னார். எங்கள் கிளுவை வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சானைக் காட்டி, இந்த இலையில் ஓர் அமிலம் இருக்கிறது, மென்றால் ஒரு மணி நேரம் நாக்குக்கு இனிப்பு மட்டும் தெரியாது, நீரிழிவுக்கும் கேட்கும் என்கிறார்கள் என்றார். சொன்னால் மெல்லுகிற ஆளா இவர்? சாப்பிட்டதும் அவர் போடும் வெற்றிலைக்குள் இரண்டு இலையை மடித்துக் கொடுத்தேன்.

அன்றே வெல்லத்தை வாயில் போட்டவர் துப்பினார். மறுநாளும் துப்பினார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஒரு வாரத்தில் பானைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஆனால் தோட்டத்துக்குப் போவதையும் விட்டார். வாசலுக்கும் கிணற்றுக்கும் நடையாய் நடந்தார். நாக்குச் செத்துவிட்டால் ஆள் அதிக நாள் தங்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவருடைய அப்பாவுக்குக் கடைசியில் அப்படித்தான் ஆனதாம். சொல்லிவிடலாமென்று எனக்கு வாய் வரைக்கும் வரும். சொன்னால் மறுபடி வெல்லத்துக்குப் போய்விடுவாரே என்று விழுங்கிவிடுவேன். எறும்பு வேறு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் பரமத்தியிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினாள், கண்ணெல்லாம் வீங்கி. கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எனக்குத் தெரியாமல் இவர் ஆள் அனுப்பியிருக்கிறார். சாப்பாடு ஆயிற்று, வெற்றிலையும் ஆயிற்று. வாயைக் கொப்பளித்துவிட்டு, தங்கை சுட்டுக் கொண்டுவந்த வெல்லக் கச்சாயத்தைக் கடித்தார்.

"மண்ணாட்டம் இருக்குது சாமி," என்று அவளிடம் சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "உங்க நாக்குக்கு ஒண்ணுமில்லீங்க. நாந்தான் வெத்தலைக்குள்ள தழை வெச்சுக் குடுத்தனுங்க," என்றேன். அண்ணன் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"நாஞ் சாவுக்குப் பயந்து திரிஞ்சது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "தெரியுமுங்க," என்றேன்.

அதன் பிறகு அவர் பல வருஷம் நன்றாக இருந்தார், இனிப்பைத் தொடாமலே. நான் எதைக் கொடுத்தாலும், தண்ணீரானாலும், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.