அகலக் கட்டையும் கேபிள் காரும்

சொன்னால் நம்ப மாட்டீர்கள். உலு திராமில், காலை வைத்தால் சுடுகிற எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில், ஒரு ஜோடி ஸ்கீயைப் படுக்க வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏறி மிதித்து நசுக்கியவர் என் வீட்டுக்காரர். புதுக் கார் வாங்கினால் செய்வோமே, அதே பூஜை. பனியில் சறுக்கிப் போக வெள்ளைக்காரன் காலில் மாட்டிக்கொள்கிற கட்டைக்கு!

"என்னங்க இது கூத்து? எதிர்வீட்டுல பாக்குறாங்க" என்றேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இதுவும் வண்டிதானே லா. புள்ள இதுல ஏறித்தானே மலையிலிருந்து எறங்கப் போறா. ஒண்ணும் ஆவக்கூடாது இல்ல?" என்றார்.

புள்ள என்றால் எங்களுடைய ஒரே மகள். ஜப்பானில், வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கத்தான் அனுப்பினோம். அங்கே போய் இந்தப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கடைசி வருஷம், படிப்பு முடிவதற்குள் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். சரி என்று டிக்கெட் போட்டோம். உடனே அப்பாவுக்குத் தனியாகப் போன் செய்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறாராம், அவருடைய ஸ்கீயை இணையத்தில் விற்கிறாராம், வாங்கிக்கொண்டு வர முடியுமா என்று. சாதாரண ஸ்கீ இல்லை, அகலமானது. ஆழமான பனியில் அமிழாமல் மிதக்க அகலமானதுதான் வேண்டுமாம்.

மகள் வாயிலிருந்து வந்துவிட்டால் இவருக்கு அப்பீலே கிடையாது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிற மனுஷன், மறுநாளே வேலை முடிந்ததும் அந்த வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போய், என் உயரத்துக்கும் மேலே இருந்த அந்தக் கட்டைகளை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் மோட்டாரில் சுற்றிச் சுற்றிக் கட்டி, பாலத்து நெரிசலில் ஓட்டிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் சுங்கச் சோதனையில் இருந்த அதிகாரி, "பாங், சினி மானா அடா சல்ஜி?" என்று கேட்டாராம். அண்ணே, இங்கே ஏது பனி என்று. நியாயமான கேள்வி. எனக்கும் அதேதான் தோன்றியது, ஆனால் நான் கேட்டால் மட்டும் இவருக்குக் கோபம் வரும்.

எனக்கு ஸ்கீயும் வேண்டாம், பனியும் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. படிப்பு முடிந்ததும் இவள் வீட்டுக்கு வருவாளா மாட்டாளா? போனில் எப்போது கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பாள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் லைன் சரியில்லை என்பாள். அதே லைனில் அப்பாவிடம் ஸ்கீ பற்றி அரைமணி நேரம் பேச முடிகிறது! அவளுடைய அறைக்குப் பெயிண்ட் அடித்து, புது ஏசி மாட்டி, மெத்தையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் பாசிர் கூடாங்கில் எந்தெந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். இந்தத் தடவை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவோடுதான் கிளம்பினேன்.

எங்கே கேட்பது என்றுகூட யோசித்துவிட்டேன். மலை உச்சிக்குக் கேபிள் கார் உண்டு, நீங்களும் ஏறி வரலாம், மேலே காப்பிக்கடை இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். கேபிள் காரைவிட நல்ல இடம் ஏது? கதவைச் சாத்திவிட்டால் நடுவழியில் இறங்கி ஓடவா முடியும்?

ஆனால் அதற்குள் அந்தக் கட்டை என்னைப் படுத்தின பாடு! விமானத்தில் போட தனி வரிசை. டாக்சியில் நேராக வைத்தால் நுழையவில்லை, குறுக்கே வைத்தால் கதவு சாத்தவில்லை. கடைசியில் முன் சீட்டிலிருந்து பின் கண்ணாடி வரைக்கும் நீட்டி, அதன் கீழே நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து வந்தேன். ரயிலில் படி ஏறும்போது முன் முனையை அவர் பிடிக்க, பின் முனையை நான் பிடித்தேன். திரும்புகிற இடத்திலெல்லாம் யாரையாவது இடித்துவிட்டு சாரி, சாரி என்று ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனோம். பழைய துணி விற்கிற பண்டல் கடையில் வாங்கிய குளிர்கோட்டு வேறு முழங்காலைத் தட்டியது. வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். இவர் ஒரு வார்த்தை பேச வேண்டுமே! "மெதுவா பிடி, கீறல் விழுந்திடும்" என்றார்.

மகள் ஸ்டேஷனில் எங்களைக் கட்டிப்பிடித்தாள். என்னை முதலில், அப்பாவை அடுத்து. அப்புறம் உறையைப் பிரித்து ஸ்கீயைத் தடவினாள்.

"அப்பா, அடியில என்ன பிசுபிசுன்னு இருக்கு?"

"எலுமிச்சம்பழம்மா. பூஜை போட்டேன்."

"ஐயோ அப்பா! அடியில மெழுகுதான் தடவணும், அப்பதான் வழுக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ராத்திரி அவள் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் துடைத்து வைத்தாள். மறுநாள் காலையில் அவள் பசியாறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இவர் வெளியே போய், சட்டைப்பையில் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த குங்குமத்தை எடுத்து ஸ்கீயின் நுனியில் திரும்பவும் வைத்துவிட்டார். முதல் சவாரி இல்லையா? கொஞ்சமாகவா வைத்தார்? பொட்டலத்தில் இருந்ததை அப்படியே அப்பிவிட்டார்.

கேபிள் கார் அடிவாரத்தில் பெரிய வரிசை. எல்லாரும் ஸ்கீயைக் கையில் வைத்திருந்தார்கள். பெட்டி வருகிறது, நிற்பதில்லை, ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கதவுக்கு வெளியே ஸ்கீயைச் செருகக் குழாய் மாதிரி துளைகள். அதில் செருகிவிட்டு ஆட்கள் உள்ளே ஏறிக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் முறை வந்தது. அந்தத் துளையெல்லாம் பழைய காலத்து ஒல்லி ஸ்கீக்கு வைத்ததாம். எங்களுடைய அகலக் கட்டை நுழையவில்லை.

மகள், "அப்பா விடுங்க, உள்ளயே தூக்கிட்டுப் போகணும்" என்கிறாள். இவர் கேட்டால்தானே? வாழ்நாளெல்லாம் மோட்டாரில் சமையல் வாயு சிலிண்டரையும் மடிப்பு மேசையையும் கட்டிக் கொண்டுவந்த மனுஷனுக்கு ஒரு பொருள் நுழையாது என்பதை ஒத்துக்கொள்ள மனசு வராது. "இருமா, இப்படிச் சாச்சா போயிடும்" என்று பெட்டியோடு கூடவே நடந்துகொண்டு குத்துகிறார், திருப்புகிறார், தட்டுகிறார். பெட்டியும் போய்க்கொண்டே இருக்கிறது, இவரும் போய்க்கொண்டே இருக்கிறார். அலமாக்! அங்கே நின்ற நரைத்த தலை ஊழியர் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மலையில் தொங்கிய அத்தனை பெட்டிகளும் அப்படியே நின்றன. வரிசை மொத்தமும் எங்களைப் பார்த்தது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊராக இருந்தால் நாலு பேர் கத்தியாவது இருப்பார்கள், மனசு ஆறியிருக்கும். இவர்கள் பேசாமல் நின்றதில் எனக்கு இன்னும் மானம் போனது.

அந்த ஊழியர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் ஸ்கீயை வாங்கி, உள்ளே எப்படி நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மகளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கதவு சாத்தியது.

உள்ளே நாங்கள் மூன்று பேர், எதிரே ஒரு ஜப்பானிய மூதாட்டி, நடுவில் அந்தக் கட்டைகள். கூரையை முட்டிக்கொண்டு நின்றன. மகள் ஒன்றைப் பிடித்தாள், இவர் ஒன்றைப் பிடித்தார். எனக்கு மகளின் முகமே தெரியவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு காது மட்டும் தெரிந்தது.

சரி, காதாவது தெரிகிறதே என்று ஆரம்பித்தேன். "உன் ரூமுக்கு ஏசி மாட்டியாச்சு..."

பெட்டி ஒரு தூணைத் தாண்டும்போது குலுங்கியது. ஸ்கீ சரிந்து என் தோளில் விழுந்தது. "பாத்தும்மா, பாத்தும்மா" என்று மகள் ஸ்கீயை நிமிர்த்தினாள். அம்மாவுக்கு அடிபட்டதா என்று கேட்டாளா? ஸ்கீயைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுபடியும் வாயைத் திறந்தேன். எதிரே இருந்த மூதாட்டி "ஆ!" என்று என் மடியைக் காட்டினார். குனிந்து பார்த்தால் என் கால்சட்டையெல்லாம் சிவப்பு. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஸ்கீயில் ஒட்டியிருந்த பனி பெட்டிக்குள் உருகி, இவர் அப்பிய குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு என் தலையிலும் மடியிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பாவம், அந்தம்மா எனக்கு மண்டை உடைந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். பையைத் திறந்து டிஷ்யூவும் பிளாஸ்டரும் எடுத்து நீட்டுகிறார். மகள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, இது ரத்தமில்லை, கோயில் பொடி, வண்டிக்கு ஆபத்து வராமல் இருக்க வைப்பது என்று விளக்கினாள். அந்தம்மா "ஓ" என்று சொல்லிவிட்டு, ஸ்கீயைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாத்தியா? அவங்களுக்குப் புரியுது" என்றார் இவர்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. டிஷ்யூவை வாங்கி நெற்றியைத் துடைத்தேன். பாதி மலை ஏறியாகிவிட்டது, நான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. இந்த மனுஷன் சும்மா இருக்கக்கூடாதா? பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு மகளிடம், "கீழ அந்த ஆளு உங்கிட்ட என்னமோ சொன்னாரே, திட்டினாரா?" என்றார்.

"சேச்சே, இல்லப்பா. இந்தப் பெட்டியெல்லாம் பழசு, அடுத்த குளிருக்குள்ள புதுசு மாத்தறோம், அதுல அகல ஸ்கீயும் வெளிய மாட்டலாம்னாரு. நானும் சொன்னேன், நல்லதாப் போச்சு, அடுத்த வருஷம் நான் உள்ள தூக்கிட்டு வர வேண்டாம்னு..."

அவளே நிறுத்திக்கொண்டாள். கட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த காது சிவந்துபோனது.

"அடுத்த வருஷமா?" என்றேன்.

அந்தக் காதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"உன்னைத்தான் கேக்குறேன். அடுத்த வருஷம் நீ இங்கதான் இருக்கப் போறியா?"

"இங்க வேலை கிடைச்சிருக்கும்மா" என்றாள். "மலைக்குப் பக்கத்துலயே. ஆறு மாசமாச்சு. போன்ல சொன்னா நீங்க அழுவீங்கன்னுதான்..."

"இப்ப மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?"

"மேல போய் காப்பி குடிக்கும்போது சொல்லலாம்னு இருந்தேம்மா."

"எங்களை இந்தக் கட்டையைத் தூக்கிட்டு வரச் சொன்னப்ப சொல்லத் தோணலையா? ஒரு தடவை சறுக்கி விளையாடிட்டு வீட்டுக்கு வந்திடுவேன்னுதானே நான் நெனச்சேன்? எனக்கு எவ்வளவு ஆத்திரமா வருது தெரியுமா!"

இவர் கையில் இருந்த ஸ்கீயை ஏற இறங்கப் பார்த்தார். இவருக்கும் தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. எதிரே இருந்த மூதாட்டி இன்னொரு டிஷ்யூ நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை குங்குமத்துக்கு இல்லை.

அதற்குள் மேலே வந்துவிட்டது. கதவு திறந்துகொண்டது. பெட்டி நிற்காது, சட்டென்று இறங்க வேண்டும். ஒரு மனுஷி ஆற அமர அழக்கூட அந்தப் பெட்டியில் நேரம் கிடையாது. ஸ்கீயைப் பிடி, இறங்கு, வழியை விடு என்று ஆளாளுக்குத் தடுமாறி வெளியே வந்து நின்றோம்.

வெளியே குளிர் மூக்கை அறுத்தது. காப்பிக்கடைப் பக்கம் யாரும் போகவில்லை. மகள் ஸ்கீயைப் பனியில் வைத்து மாட்டிக்கொண்டாள். இவர் குனிந்து, காலையில் மோட்டார் டயரை அழுத்திப் பார்ப்பது போல, அவள் காலில் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"கோபமாம்மா?"

"கோபம்தான்" என்றேன். "தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விடு." நானே இழுத்துவிட்டேன்.

"கீழ நில்லுங்க, இதோ வந்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவு வேகமாகப் போவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் கேபிள் காரிலேயே திரும்பி இறங்கினோம். கீழே போகிற பெட்டியில் வேறு யாரும் இல்லை. காலை நீட்டலாம், கையை நீட்டலாம், வேண்டுமென்றால் படுக்கவே செய்யலாம். ஏறும்போது இடமே இல்லை என்று அத்தனை திட்டு திட்டியவள் நான். இப்போது எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

"உக்காரு, ஆடுது" என்றார். எதிரே உட்கார்ந்தேன்.

கீழே மரங்களுக்கு நடுவே மகளின் மஞ்சள் ஜாக்கெட் தெரிந்தது. முழங்கால் ஆழப் பனி. மற்ற ஆட்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். இவள் அமிழவே இல்லை. அந்த அகலக் கட்டை மேல் பஞ்சில் போவது மாதிரி வளைந்து வளைந்து போனாள். ஒரு திருப்பத்தில் நின்று, மேலே எங்கள் பெட்டியைத் தேடிக் கையை ஆட்டினாள். எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு ஏதோ பெட்டிக்கு ஆட்டினாள். நாங்களும் கண்ணாடிக்குள்ளிருந்து ஆட்டினோம்.

அவள் மறைந்ததும் இவர் என் பக்கம் திரும்பினார். ஸ்கீ உறையைக் கட்டி வந்த ராஃபியாக் கயிற்றை மடியில் சுருட்டி வைத்திருந்தார்.

"நான்தான் மோட்டார்ல கட்டிக் கொண்டாந்தேன். என்னைத்தானே திட்டப் போற? திட்டு" என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிங்கப்பூரிலிருந்து பாலம், டாக்சி, விமானம், ரயில் படி என்று எல்லாம் கண் முன்னால் வந்தது.

"நீங்க மட்டுமா கொண்டாந்தீங்க?" என்றேன். "பின் முனையை நான்தானே பிடிச்சேன்."