ரோசம்மாள் டீச்சரின் தொண்ணூற்றெட்டு

பிரேம்குமார் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நல்ல பையன்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன்தான். அதனால்தான் வயிறு இன்னும் கூடுதலாக எரிகிறது.

ரோசம்மாள் டீச்சரும் நானும் திருவில்லிபுத்தூரில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் கணக்கு. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பிள்ளைக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அமெரிக்காவில் மகள் எலினா வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகளோடு திரும்பி வந்தார். ஊரே சிரித்தது. பொய் சொல்வானேன், நானும்தான் சிரித்தேன்.

பதினெட்டுக் குழிகளிலும் பந்தை விழவைக்க மொத்தம் எத்தனை அடி ஆகிறது என்பதுதான் ஆட்டம். அடி குறையக் குறைய ஆள் கெட்டி. ஒரே ஒரு தடவை நூறுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது டீச்சரின் வெறி. கிருஷ்ணன்கோவில் பக்கம் தன் தரிசு நிலத்தில் விடிந்ததும் பந்து அடிப்பார். கல்லூரி பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கூச்சல் போடும். ஓங்கி அடிப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அடிகள் வீணாகின்றன என்று அவராகவே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தை உருட்டி உருட்டிப் பழகினார்.

மாதம் ஒருமுறை மலைமேல் உள்ள கோல்ஃப் மைதானத்துக்குப் போவார். கூட ஆடுவது பிரேம்குமார். எங்கள் பழைய மாணவன், இப்போது ராஜபாளையத்தில் மில் மேனேஜர். ஒருவர் அடியை மற்றவர் எண்ணி அட்டையில் எழுத வேண்டும். தன் தாளைத் தானே திருத்துகிற ஆளா டீச்சர்? தன் அடியை எண்ணவே மாட்டார். மூன்று வருடத்தில் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்து, நூற்று நான்கு என்று குறைந்துகொண்டே வந்தது.

போன சித்திரையில் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்குத் தொண்ணூற்றெட்டு! டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது குழியில் பந்து இரண்டு தடவை ஓடையில் விழுந்து, மொத்தம் ஒன்பது அடி ஆனதை எண்ணியிருந்தேன். அட்டையில் ஆறு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"ஏலே பிரேமு, ஏழாவது குழிக்கு ஒம்பதுல்லா?"

அவன் தலையைச் சொறிந்தான். "ரோசம்மாள் டீச்சருக்குப் போயி ஒம்பதுன்னு எப்படி எழுத? கை வரல."

"வேற எதுல குறைச்ச?" என்று கேட்டார் ரோசம்மாள் டீச்சர்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம், டீச்சர்."

"எம்புட்டு நாளா?"

"மொத நாள்லேருந்தே. பெரியவிய மனசு நோகக் கூடாதுன்னு..."

எனக்கு அவனை அங்கேயே அறையத் தோன்றியது. அறுபத்து மூன்று வயதுப் பெண் தோற்றால் தாங்கமாட்டாள் என்று இவனாக எப்படி முடிவு செய்யலாம்? அந்த ஜமுக்காளத்தில் அவர் முட்டி தேய உட்கார்ந்து எழுந்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்?

அடுத்த மாதம் டீச்சர் ஒவ்வோர் அடியையும் சத்தமாகச் சொல்லி அவனை எழுதவைத்தார். கடைசிக் குழிக்கு இரண்டு விரல் தூரத்தில் பந்து நின்றது.

"விழுந்த மாதிரிதான் டீச்சர்" என்று அதை எடுக்கக் குனிந்தான்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்." அவரே தட்டி உள்ளே விட்டார். "நூத்தி ஏழு. எழுது."

எழுதினான்.

"சரி, மொத நாள் நெசமா எம்புட்டு அடிச்சேன்?"

"தெரியாது டீச்சர். அன்னைக்கு எண்ணவே இல்ல. சும்மா ஒரு நம்பர் போட்டேன்."

"அப்போ இந்த மூணு வருசத்துல நான் எம்புட்டுத் தேறியிருக்கேன்னு இனிமே யாருக்குமே தெரியாது. அப்படித்தானே?"

பிரேம்குமார் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். இதையும் மரியாதை என்றுதான் நினைத்திருப்பான்.