கலங்கலில் அடைத்த மண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையை ஒட்டி, பள்ளத்தில் எங்கள் குடிசை இருந்தது. எனக்கு ஏழெட்டு வயது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோக, கரையின் கோடியில் கல்லால் கட்டிய கலங்கல் உண்டு. அதன்மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழைக்காலம் முடிகிற சமயம் அந்தக் கற்களின் இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டால், ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். இரண்டாம் போகம் தப்பிக்கும். அடைக்கச் சொல்வது நிலக்காரர்கள். அடைப்பது எங்கள் நைனா மாதிரி கூலிக்காரர்கள். அடைத்த பிறகு பெருமழை வந்தால், அந்த மண்ணை எடுத்துவிடுகிறவரை கரைக்கு ஆபத்து. கரைக்குக் கீழே இருந்தது நாங்கள்தான்.

அந்த வருடம் மழை விட்டதென்று அடைத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடி பிடித்துக்கொண்டது. பகல் சாப்பாட்டு வேளையில் கரைமேல் தமுக்கு அடித்தார்கள். மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று அர்த்தம்.

என் தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கு மார்ச்சளி. அம்மா அவனை அடுப்புச் சூட்டிலேயே வைத்திருந்தாள்.

"நீதானே அடைச்சே. தாங்குமாய்யா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் அடைச்சது தாங்கும். கரை தாங்குமான்னு எனக்கு இன்னாமே தெரியும்?"

"அப்ப போய்ப் புடுங்கிப் போடேன்யா."

"அவுங்க சொல்லாம கைய வெச்சா, அப்பால இந்த ஊர்ல நாம கீறதா வாணாமா?" என்றார் நைனா.

சாயங்காலமே மழை விட்டுவிட்டால் தண்ணீர் வீணாகுமே என்று நிலக்காரர்கள் மண்ணை எடுக்கச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்றுதான் அப்போது பேச்சு.

பக்கத்துக் குடிசை அத்தை, நைனாவுக்கு அக்கா, வாசலில் நின்று சிரித்தாள். "போன வருசமும் சட்டி பானைய தூக்கினு ஏறினீங்க. ஏரியா ஒடைஞ்சுது? ஒன் முட்டிதான் ஒடைஞ்சுது. போடா டேய், நான் வரல. கூழு கிண்டிக்கினு கீறேன்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். கடைசியில் அம்மாதான், "ஏறலாம்" என்றாள்.

மேட்டில் ஒரு புளியமரம், அவ்வளவுதான். அம்மா தம்பியை வயிற்றோடு கட்டிக்கொண்டு மேலே கோணியைப் போட்டுக்கொண்டாள். காற்று நாலு பக்கமும் அடித்தது. பொழுது சாயும்போது அவன் இருமல் நின்றது. தேவலை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

விடிந்ததும் இறங்கினோம். ஏரி உடையவில்லை. எங்கள் குடிசையில் அடுப்புச் சாம்பல்கூட நனையவில்லை. அத்தை வீட்டுக் கூரைமேல் புகை போய்க்கொண்டிருந்தது. ஏதோ கேலி பேச வெளியே வந்தவள், அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா கலங்கலுக்குப் போய்விட்டு வந்தார். "மண்ணு இல்ல. எடுத்துட்டுகீறாங்க" என்றார். எப்போது எடுத்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை. நாங்கள் ஏறுவதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது என்று பிற்பாடு அத்தை சொன்னாள். இல்லை, இருட்டிய பிறகுதான் ஆள் விட்டார்கள் என்று நைனா சாகிறவரை சொன்னார்.

அடுத்த வருடமும் அடைத்தார்கள். மழை வந்தது, தமுக்கு அடித்தார்கள். அம்மா துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஏறவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. மழை விடுகிறவரை அப்படியே நின்றாள். அத்தைகூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இப்போது பெருமழை என்றால் நானும் எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன். "இன்னா ஆயா, யாரு வராங்க?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு மேடு ஏறியது முன்னாலா, மண்ணை எடுத்தது முன்னாலா? நான் எழுதியதில் பிசகு இருந்தால் திருத்திவிடுங்கள். மண்ணை எடுத்ததுதான் முன்னால் என்றால், தாளில் திருத்தினால் போதும். எனக்குச் சொல்ல வேண்டாம்.