பழைய எழுத்தில் ஒரு பெயர்

"வெள்ளைக்காரருக்கே விளங்காத பழைய இங்கிலீஷ் உனக்கு ஏலுமோ, பிள்ளை?" என்று கேட்டார் லண்டன் இல்ஃபோர்டில் இருக்கிற மாமா. எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்; எடுத்த பாடம் பழைய ஆங்கில இலக்கியம்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெண்ணின் குடும்பப் பெயர் 'நைட்'. பழைய இலக்கியத்தில் வருவதுபோல, 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'வை' போட்டு, Knight என்பதை Knyght என்று எழுதுவாள். பழைய பக்கங்களை உரக்க வாசிக்க முதலில் எழும்புபவளும் அவள்தான். வரிக்கு வரி தடுக்குவாள். செம்பட்டை முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பத் தொடங்குவாள். பிழை விடப் பயந்து வாயே திறக்காத நான், பாடத்தை மாற்ற நினைத்திருந்தேன்.

"உன்ர பேரே இப்பிடித்தானே, உனக்குமா கஷ்டம்?" என்று கேட்டேன்.

"வீட்டில பேரை மட்டும்தான் இப்பிடி எழுதுறம். ஷொப்பிங் லிஸ்டை இல்லை," என்று சிரித்தாள். "பிழை விட்டா விரிவுரையாளர் திருத்துவார். அவருக்கும் வேலை வேணுமெல்லோ."

இவ்வளவு வெட்கமில்லாமல் படிக்கிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த கிழமை வகுப்புக்கான பக்கத்தை நானே வாசிக்கிறேன் என்று விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டேன்.