பூட்டுக்காரர் திரும்பி நின்ற மத்தியானம்

பூட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய முதுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த முதுகைப் பார்த்தவர்கள்தான். சாவி தொலைந்தது பீரோவோ, மேசை இழுப்பறையோ, மனுஷன் வருவார், தகரப்பெட்டியைத் திறப்பார், வெற்றுச் சாவி ஒன்றைத் துளைக்குள் விட்டு ஒரு திருகு திருகுவார். வெளியே எடுத்து, அதில் விழுந்த கீறலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே. இப்படி அரை மணியோ ஒரு மணியோ. பூட்டு விட்டுக்கொடுத்த அடுத்த நொடி, கதவைத் திறக்காமலே கையை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

"பாத்துக்குங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா நான் கிளம்புறேன்" என்பார். அவ்வளவுதான். நீங்கள் உள்ளே தங்கம் வைத்திருந்தால் என்ன, பழைய செருப்பு வைத்திருந்தால் என்ன, அவருக்குத் தெரிந்தது உங்கள் வீட்டுச் சுவர்தான்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாத்தியாரின் இழுப்பறையைத் திறந்துவிட்டு, ஆர்வக்கோளாறில் உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது ஒரு டோப்பா. வாத்தியார் தலையில் இன்னொன்று.  அந்த வாத்தியார் அதற்குப் பிறகு இவரைக் கண்டாலே தெரு மாறிப் போக ஆரம்பித்தார். "பாவம், ரெண்டு மைல் சுத்திப் போவாருப்பா அந்த வெயில்ல" என்று பூட்டுக்காரர் இப்போதும் சொல்லி வருத்தப்படுவார். அன்றைக்கு முடிவெடுத்தவர்தான்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பத்தொன்பது வருஷமாக ஒரே வாடகை வீட்டில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள பின்கட்டில், தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரே குறை, வெளிச்சம். பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "என் வீட்டுச் சுவர்ல நீ ஓட்டை போடுறதா? சொந்தமா வாங்கிட்டு நாலு பக்கமும் உடைச்சுக்கோ" என்பார்.

வாங்கித்தான் காட்டுவது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். கடைத்தெருவில் பரஸ்பர சகாய நிதி ஒன்று இருந்தது. வெளியாள் கிடையாது, போட்டவர்களே முதலாளிகள், நம்மில் ஒருவர் காசு நம்மில் இன்னொருவருக்கு என்று பெயர். பால்காரர், ஆஸ்பத்திரி ஆயா, லாரி ஓட்டுபவர், எல்லோரும் அதில்தான். பதினோரு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் அதில் போட்டாள். இவரும் சாவி செய்து கிடைத்த காசை அன்றைக்கு விட்டால் அடுத்த நாள் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்.

கடைசியில் டிரைவரே ஒருநாள் வந்தார். "இந்த வீட்ட வித்துட்டு நான் மக வீட்டோட போறேன். வேற ஆளுங்க கேக்குறாங்க. பத்தொன்பது வருஷம் இருந்திருக்கீங்க, உங்களுக்குத்தான் முதல் பேச்சு. ஆனா மாசக் கடைசிக்குள்ள முழுப் பணமும் வந்துடணும், சொல்லிட்டேன்."

வந்துடணுமா! வராமல் என்ன? பாஸ்புக்கில் அந்தத் தொகை இருந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் இருந்தது. அவர் படியிறங்கிப் போவதற்குள் இவள் தையல் சாக்கட்டியை எடுத்துக் கிழக்குச் சுவரில் நீளமும் அகலமும் அளந்து ஒரு கட்டம் போட்டுவிட்டாள். "இதோ என் ஜன்னல்" என்று அதன் முன்னால் நின்று பார்த்தாள். வெறும் சுவர்தான். பூட்டுக்காரருக்கும் என்னவோ வெளிச்சம் வந்த மாதிரிதான் இருந்தது.

பணம் எடுக்கப் போன அன்றைக்கு நிதியின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் என்று ஆரம்பித்தது அது. செயலாளர் கம்பி நீட்டி இரண்டு நாளாகிவிட்டது என்று பால்காரர் சொன்னார். ஆஸ்பத்திரி ஆயா பாஸ்புக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  பூட்டுக்காரர் மனைவி மட்டும், "பணம் எங்க போயிடும்? உள்ள இரும்புப் பெட்டி இருக்குல்ல? அதுல இருக்கும்" என்றாள். எல்லோருமே அதைத்தான் நம்பினார்கள். அவ்வளவு பெரிய பெட்டி, இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாதது, அது இருக்கும்போது என்ன பயம்?

நாலைந்து நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார். பெட்டிச் சாவியைச் செயலாளர் கையோடு கொண்டுபோயிருந்தார். ஆள் விட்டுப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் உள்ளே அடைந்துகொண்டு நின்றார்கள், மூச்சு விட இடமில்லை. அவர் மனைவி மேசை ஓரத்தில் நின்றாள். இவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். சாவியை விட்டார், எடுத்தார், அராவினார். 

பெட்டி திறந்தது. இவர் வழக்கம்போல் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

 பின்னால் அதிகாரியின் குரல் மட்டும் கேட்டது, எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதிக்கோங்க. ரப்பர் முத்திரை ஒண்ணு. மைப்பெட்டி, காஞ்சது, ஒண்ணு. மெழுகுவத்தி அரைக் கட்டு." பிறகு, "அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் நிதியின் பழைய கடைநிலை ஊழியர், அதுவரை மூலையில் கைகட்டி நின்றவர், வாயைத் திறந்தார். "இவருதானே நாலு மாசம் முன்னாடி ஒரு மத்தியானம் இதே பெட்டிய வந்து திறந்து குடுத்தாரு? காசாளர் சாவியோட லீவுல போயிட்டாருன்னு செயலாளர் கூப்பிட்டாரே?"

எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது. உண்மைதான். நாலு மாசத்துக்கு முன், சாப்பாட்டு நேரத்தில், பெட்டி இருந்த அறையில் செயலாளரும் இவரும் மட்டும் இருந்தபோது இதே பெட்டியை இவர் திறந்திருக்கிறார். "எல்லாம் சரியா இருக்கு" என்று பின்னாலிருந்து செயலாளர் சொன்னார், பெட்டிக் கதவு சட்டென்று மூடியது. கேட்டதைப் போல இரண்டு மடங்கு கூலி கொடுத்தார். இவர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல மனுஷன், அந்த உபரிக் கூலியை அங்கேயே கவுண்ட்டரில் தன் கணக்கில் கட்டிவிட்டு வந்தார். அட, அப்பாவி என்றால் இப்படியா!

"அப்ப உள்ள என்ன இருந்துச்சு?" என்றார் பால்காரர்.

"பாக்கலை."

"பாக்கலையா? பெட்டியத் திறந்தவரு நீங்க. ரெண்டு அடி தள்ளி நின்னீங்க. பாக்கலையா?"

"பாக்கலைங்க. நான் எப்பவும் பாக்க மாட்டேன்."

"எங்க காதுல பூ சுத்தாதீங்க" என்று லாரிக்காரர் கையை ஓங்கிக்கொண்டே முன்னால் வந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க போட்ட பணத்த எடுத்திருப்போம்ல? எவ்வளவு வாங்குனீங்க வாயை மூடுறதுக்கு?"

  அந்த நேரத்தில்தான் தையல்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள். லாரிக்காரர் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள்.

"கைய இறக்குங்க தம்பி. சொந்தப் பொண்டாட்டி பீரோவத் திறந்துட்டே திரும்பி நின்ன ஆளு இவரு. 'பாத்துக்கோ, சரியா இருக்கா'ன்னு என்கிட்டயே கேட்டாரு! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது. இவரு பாக்கலைன்னா பாக்கலை. எங்க வீட்டுப் பணம் மொத்தமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. தெரிஞ்சா விட்டிருப்பாரா? உங்களுக்கு வாயில மண்ணுன்னா எங்களுக்கு மட்டும் என்ன?"

கூட்டம் அடங்கியது. ஆயா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், இருக்கிற சொத்தை விற்று, ஒன்றிரண்டு வருஷத்தில் ஏதோ ஒரு பங்கு வரலாம் என்று அதிகாரி சொன்னார். 'வரலாம்' என்பதை அவர் எத்தனை ஊரில் சொல்லிப் பழகியிருப்பாரோ.

வழியெல்லாம் பூட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன செய்தேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவள் திரும்பினாள்.

"ஒரே ஒரு தடவை. ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

அதோடு சரி. பேச்சு நின்றது. சாப்பாடு வைப்பாள், சட்டையில் பொத்தான் அறுந்தால் தைப்பாள், பேச மட்டும் மாட்டாள். அவர் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார். "நாலு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தாலும் அவன் குடுத்திருப்பானான்னு..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். இயந்திரம் கடகடவென்று வேகமாக ஓடியது. வாயை மூடிக்கொண்டார். அவருக்கே அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. திரும்பியிருந்தால் பாதியாவது மீட்டிருக்கலாம் என்று படுத்தாலும் எழுந்தாலும் அதே நினைப்பு.

மாசக் கடைசி வந்தது. டிரைவர் நல்லவர்தான், பத்து நாள் கூடக் கொடுத்தார். அந்தப் பத்து நாளும் அவர்கள் போகாத வீடில்லை, கேட்காத ஆளில்லை. கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் அதே நிதியில் போட்டவர்கள், எங்கே போய் முட்டிக்கொள்வது? கடைசியில் பேக்கரிக்காரர் வாங்கிவிட்டார், கிடங்கு வைக்க. செய்தி வந்த அன்று அவள் ஈரத்துணியால் சுவரில் போட்டிருந்த சாக்கட்டிக் கோட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவர் வாசலில் நின்று சாவி வளையத்தைத் தேவையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

காலி செய்கிற நாள் காலையில் சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. கடைத்தெருவுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை பிடித்திருந்தார்கள். பேக்கரிக்காரர் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாசப் பூட்ட மாத்தணும். உங்களைத் தவிர வேற ஆள கூப்பிட எனக்கு மனசு வரலை. உங்களைக் கூப்பிடவும் மனசு வரலை."

"இதுல என்னங்க இருக்கு? வீடு கை மாறினா பூட்டு மாத்துறதுதான் முறை" என்றார் இவர். தகரப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினார்.

பழைய பூட்டைக் கழற்றினார். அது அவரே பத்தொன்பது வருஷத்துக்கு முன் போட்டது, ஒவ்வொரு மழைக்காலமும் எண்ணெய் விட்டது. புதியதைப் பொருத்தினார். திருகாணிகளை இறுக்கினார். புதுப்பூட்டை வெளியிலிருந்து ஒருமுறை, உள்ளிருந்து ஒருமுறை பூட்டித் திறந்து பார்க்காமல் எந்தப் பூட்டுக்காரரும் சாவியைக் கொடுப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தாயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினார்.

நன்றாகப் பூட்டியது. திறக்க வேண்டியதுதான் பாக்கி. கை சாவிக்குப் போனது, திருப்பவில்லை.

காலி வீடு. இயந்திரம் நின்ற இடத்தில் தரையில் நாலு பள்ளம். எங்கேயோ ஒரு நூல் துண்டு. அவர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அறுபதைத் தொடப்போகிற மனுஷன், சத்தம் வெளியே போகக் கூடாதென்று சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதார். இந்த நாலு சுவரும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். என்னால்தான் போயிற்று, என்னால்தான், என்று அழுதார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே பேக்கரிக்காரரின் செருப்புச் சத்தம் கதவருகே வந்தது. "என்ன அண்ணே, மாட்டிக்கிச்சா?" கைப்பிடி ஒருமுறை அசைந்தது.

அப்போது அவள் குரல் கேட்டது. பல நாளுக்குப் பிறகு முழுசாகக் கேட்ட குரல்.

"மாட்டலைங்க. புதுப் பூட்டு, படிய நேரமாகும். அவரு வேலையில அவசரப்பட மாட்டாரு, நல்லா பாத்துத்தான் தருவாரு. நீங்க இப்படி நிழலுக்கு வாங்க. ஆமா, கிடங்குக்கு வாங்கியிருக்கீங்களே, மாவு மூட்டையெல்லாம் எந்தப் பக்கம் அடுக்கப் போறீங்க? மேக்குச் சுவர்ல வேணாம், மழைக்கு ஓதம் அடிக்கும்..."

செருப்புச் சத்தம் கதவை விட்டு விலகியது. அவள் பேசிக்கொண்டே போனாள். சமையலறைக் குழாய் எப்போது ஒழுகும், எந்தத் தரைக்கல் ஆடும், எறும்பு எந்த மூலையிலிருந்து வரும் என்று பத்தொன்பது வருஷ வீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். ஒரே ஓர் இடத்தில் குரல் உடைந்தது, இருமலாக மாற்றிக்கொண்டாள். அவர் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, எழுந்து நிற்கும் வரைக்கும் அவள் நிறுத்தவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மூன்று சாவியையும் எண்ணிப் பேக்கரிக்காரர் கையில் வைத்தார். கூலி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"வாங்குங்க" என்றாள் அவள்.

வாங்கினார். நேராக அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, தகரப்பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க. போகலாம்."